சுன்தோன் பூ (1786–1855): தாய்லாந்துக் கவிஞர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பெயரில் இருப்பது நம் ‘சுந்தர’ தானா?

பதில்: அதேதான். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசி ‘ர்’ ‘ன்’ ஆக ஒலிக்கும். இயற்பெயர் வெறும் பூ. சுன்தோன் என்பது இரண்டாம் ராமா மன்னர் தந்த பட்டம்.

கேள்வி: அவருடைய ‘க்லோன்’ யாப்பில் எழுதிப் பழகுகிறேன். செய்யுள்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே?

பதில்: நான்கு அடி ஒரு செய்யுள். அடிக்கு 8 அசை, 7 முதல் 9 வரை போகலாம். (நேர், நிரை கணக்கு இங்கே வேண்டாம், ஓர் உயிரொலி ஓர் அசை.) முதலடியின் கடைசி அசை, இரண்டாம் அடியின் 3 அல்லது 5-ஆம் அசையோடு இயையும், அதாவது ஓசை ஒத்து வரும். இரண்டாம் அடியின் கடைசி, மூன்றாம் அடியின் கடைசியோடும் நான்காம் அடியின் 3 அல்லது 5-ஆம் அசையோடும் இயையும். பலரும் விடுவது செய்யுள்களை இணைக்கும் இடத்தை: நான்காம் அடியின் கடைசி ஒலி, அடுத்த செய்யுளின் இரண்டாம் அடிக் கடைசியில் திரும்ப வர வேண்டும். குறிலுக்கு நெடில் இயையாது, அதையும் பாருங்கள்.

கேள்வி: இதில் அவருடைய தனி முத்திரை எது?

பதில்: அடிக்குள்ளேயே இயைபு. ‘தெங் ரோங் லாவ் தாவ் க்லன் க்வன் க-மோங்’ என்றொரு அடி. சாராயம் காய்ச்சும் இடம் வந்தது, அடுப்பில் புகை மண்டுகிறது என்று பொருள். 3-ஆம் அசை லாவ், 4 தாவ். 5 க்லன், 6 க்வன். வாய்விட்டுப் படித்தால் 3-2-3 என்று அடி தானே பிரியும். சாராய போதை விடிந்தால் தெளியும், மனதின் போதை இரவுதோறும் ஏறும் என்று சில அடிகளில் முடிக்கிறார். குடிகாரர் என்று பேர் வாங்கியவர் சொன்னால் நம்பலாம்!

கேள்வி: சிறையில் இருந்தாரா? மூன்றாம் ராமா பகையா?

பதில்: சிறைக்கதை வழிவழியாகச் சொல்லப்படுவது. மூன்றாம் ராமா காலத்தில் அரண்மனைப் பதவி போய்த் துறவியானது உண்மை. அந்த மன்னர் இளவரசராக இருந்தபோது எழுதிய பாட்டைச் சுன்தோன் பூ திருத்தியதால் வந்த வினை என்பதும் செவிவழிச் செய்திதான்.

கேள்வி: அவருடைய நெடுங்கதைப் பாட்டு ‘ப்ரா அபை மணி’யில் வரும் லங்கா இலங்கைதானா?

பதில்: பெயர் அதுதான், ஆனால் ராவணனைத் தேடாதீர்கள். அங்கே ஆள்பவள் லவேங் என்ற வெள்ளைக்கார அரசி. அன்றைய இலங்கை ஆங்கிலேயர் கையில் இருந்ததை நினைத்துக்கொண்டு படியுங்கள். நாயகனின் ஆயுதம் வாள் இல்லை, குழல். அதை ஊதித்தான் கடல் அரக்கியைக் கொல்கிறான்.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: ‘நிராத் பூகாவ் தோங்’. 1828-இல் படகில் போன பயணப் பாட்டு, சிறியது. பாங்காக்கின் வாட் சாகேட் குன்றுக்கும் இதே பெயர், அங்கே போய்விடாதீர்கள். பாட்டில் வருவது பழைய தலைநகர் அயுத்தயாவின் தூபி.