ஆப்பிரிக்கப் பெண் இறையியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

போன வாரம் புறப்படும்போது கதவருகே நின்று கேட்டீர்கள்: “பி.ஏ. தத்துவம் முடித்துவிட்டு, தென்னாப்பிரிக்கா போய் ஆப்பிரிக்கப் பெண்களின் இறையியலைப் படித்து இவள் என்ன செய்வாள்?” அன்று அவசரமாகப் பதில் சொல்ல மனமில்லை.

முதலில், உங்கள் மகள் என்னிடம் காட்டிய நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கானாவின் அக்கான் மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: விடிந்தது பெட்டைக் கோழிக்கும் தெரியும், ஆனாலும் அது சேவலின் வாயைப் பார்த்திருக்கும். அதற்குக் கீழே அவள் தன் பாட்டி சொல்வதை எழுதியிருந்தாள்: “பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா?” இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. ஆப்பிரிக்கப் பெண்கள் தங்கள் சமயத்தையும் பண்பாட்டையும் தங்கள் கண்ணாலேயே வாசித்துக் கேள்வி கேட்கும் துறை இது; இதன் வேலையே அந்தக் கேள்விக்குறிதான்.

கானாவின் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த இறையியலாளர் மெர்சி அம்பா ஒடுயோயே இப்படித்தான் பழமொழிகளையும் நாட்டுப்புறக் கதைகளையும் எடுத்து, அவை பெண்ணுக்கு என்ன கற்றுக்கொடுக்கின்றன என்று கேட்டார். பண்பாட்டை அவர் தூக்கி எறியவில்லை; முறத்தில் போட்டுப் புடைப்பதுபோலப் புடைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். 1989-இல் அக்ராவில் அவர் முன்னின்று தொடங்கிய ஆப்பிரிக்கப் பெண் இறையியலாளர் வட்டம், 2002-இல் அடிஸ் அபாபாவில் கூடி எச்.ஐ.வி.யைத் தன் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. நோயாளியைப் பாவி என்று ஒதுக்கிய கிறிஸ்தவச் சபைகளிடம் போய்ப் பேச ஆள் வேண்டியிருந்தது. போட்ஸ்வானாவின் பெண் இறையியலாளர் மூசா டூபே, பைபிளில் வரும் ‘பெரும்பாடுள்ள ஸ்திரீ’யின் (தீராத இரத்தப்போக்கால் அவதிப்பட்ட பெண்ணின்) கதையை ஆப்பிரிக்காவின் கதையாகவே திருப்பிச் சொன்னார்.

‘நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்’ என்கிற, தென்பகுதி ஆப்பிரிக்க மக்களின் உபுண்டு அறத்தைத் தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு வழியாகப் பலரும் அறிவார்கள். அழகான அறம்தான். ஆனால் அந்த ‘நாம்’ நிலைத்திருக்க யார் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பெண்கள் கேட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். கென்யாவின் முசிம்பி கன்யோரோ மொழியியல் படித்தவர். பைபிள் மொழிபெயர்ப்பு ஆலோசகராக இருந்து, பிறகு உலக ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஆனார். அறவியல் பேராசிரியர் புலெங் லெங்காபுலா 2021-இல் தென்னாப்பிரிக்காவின் யூனிசா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தர் ஆனார். இவை உச்சங்கள். பெரும்பாலோர் இறையியல் கல்லூரி ஆசிரியர்களாகவோ, தொண்டு நிறுவனங்களில் பெண்கள், சுகாதாரம் சார்ந்த திட்டங்களிலோ, பதிப்பு, மொழிபெயர்ப்பு வேலைகளிலோ இருப்பார்கள். இடங்கள் குறைவு, சம்பளமும் ஐ.டி. சம்பளம் அல்ல. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: இந்தப் படிப்போடு கையில் இன்னொரு திறமையும் வேண்டும். கள ஆய்வு, மொழிபெயர்ப்பு, திட்ட அறிக்கை எழுதுவது, எதுவானாலும் சரி. எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்காக இயங்கும் ஒரு அமைப்பில் ஆறு மாதம் வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை குறையாவிட்டால் அனுப்பலாம்.

தென்னாப்பிரிக்காவில் மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு ‘ஹானர்ஸ்’ என்று ஒரு வருடம், அதற்கப்புறம்தான் முதுகலை. நேராக எம்.ஏ. சேர்ப்பார்களா, ஒரு வருடச் செலவு கூடுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்து இங்கே பாடம் நடத்தவேண்டுமானால் அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்கிற சமநிலைச் சான்று தேவைப்படும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் எழுத வேண்டியிருக்கும். அதில் தத்துவமும் சமயங்களின் ஒப்பாய்வும் தனித்தனிப் பாடங்கள். எதை எழுதுவது என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

அடுத்த முறை அவளோடு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்தால் பாட்டியையும் கூட்டிவாருங்கள். விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய கட்டுரையை அந்தக் கேள்விக்குறியிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.