தம்பியின் பழைய கைபேசி தீர்ப்பை மாற்றுமா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் மிரட்டல் அனுப்பியதாக என் தம்பிக்கு அரசு நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை விதித்து மூன்று வாரம் ஆகிறது. தான் அனுப்பவே இல்லை என்று இன்றும் சொல்கிறான். புகார் கொடுத்தவர் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகள்தான் முக்கிய ஆதாரம். விசாரணைக்காக போலிஸ் எடுத்துச்சென்ற அவனுடைய சாம்சங் கைபேசி திரும்ப வந்துவிட்டது. இப்போது என் மகன் அதில் கேம் விளையாடுகிறான். அதை ஆராய்ந்தால் தீர்ப்பு மாறுமா? (சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: முதலில் மகனிடமிருந்து அந்தக் கைபேசியை வாங்குங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம். ஏரோபிளேன் மோடில் போட்டு, அணைத்து, ஓர் உறையில் வைத்து ஒட்டுங்கள். தேதி, நேரம், இடையில் யார் யார் பயன்படுத்தினார்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மகன் விளையாடியதையும் மறைக்காமல் எழுதுங்கள். கைபேசியில் அழித்த செய்தி உடனே காணாமல் போய்விடாது. அந்த இடத்தில் வேறு தரவு வந்து உட்காரும்வரை அதன் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு அப்டேட்டும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தாலோ, இன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தரவைத் திறந்து படிக்க வேண்டிய குறியாக்கத் திறவுகோலே போய்விடும். பழுதுபார்க்கும் கடைக்காரர் என்ன வாக்குக் கொடுத்தாலும் பழைய தரவு திரும்பாது.

ஆனால் என் கவனம் அந்தக் கைபேசியைவிட வேறொன்றில் இருக்கிறது. போலிஸ் அதைக் கைப்பற்றியபோது உள்ளிருக்கும் தரவைப் பிரதி எடுத்திருந்தால், அந்தப் பிரதி உங்கள் மகன் தொடுவதற்கு முந்தையது. அது எடுக்கப்பட்டதா, எந்த அளவுக்கு எடுக்கப்பட்டது, அதன் ஹேஷ் மதிப்பு என்ன என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். ஹேஷ் மதிப்பு என்பது தரவிலிருந்து கணக்கிடும் ஓர் எண். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது வேறாகிவிடும். தான் பயன்படுத்தாத தகவலாக இருந்தாலும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடியது என்றால் அரசுத் தரப்பு அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2011ல் ஒரு கொலை வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனி ஸ்கிரீன்ஷாட். அது திரையில் தெரிந்ததன் படம், அவ்வளவுதான். மேலே தெரியும் பெயர், அந்தக் கைபேசிக்காரர் தன் தொடர்புப் பட்டியலில் போட்டுக்கொண்ட பெயர். வேறு ஓர் எண்ணை உங்கள் தம்பி பெயரில் சேமித்தால், அதிலிருந்து வரும் செய்தியும் தம்பி அனுப்பியதாகவே தெரியும். புகார் கொடுத்தவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று அந்தப் படத்தை வைத்து யாரும் சொல்லவும் முடியாது. கைபேசிக்குள் இருக்கும் வாட்ஸ்அப்பின் தரவுத்தளத்தில்தான் எதிர்முனை எண்ணும் மில்லிவினாடி வரையிலான நேரமும் இருக்கும். அந்த நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகும்; நம் நேரத்துக்கு எட்டு மணி கூட்ட வேண்டும். கூட்டாமல் விட்டால் இரவு 11 மணிச் செய்தி பிற்பகல் 3 மணிக்குப் போனதாகிவிடும். அந்த நேரத்தில் தம்பி எங்கே இருந்தார் என்பதே வாதம் என்றால், இது சின்ன விஷயமில்லை.

தம்பியின் கைபேசியில் அந்தச் செய்திகள் இல்லை என்பது மட்டும் போதாது. அழித்திருப்பார் என்று அரசுத் தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு. அந்த நாளை ஒட்டிய எண்கள் விடாமல் தொடர்ந்தால் தம்பியின் பேச்சுக்கு வலு சேரும். இடையில் எண்கள் விட்டிருந்தால் ஏன் என்று விளக்க வேண்டிவரும். செய்திகள் அங்கேயே இருந்துவிட்டால்? அதுவும் முடிவல்ல. 2021க்குப் பிறகு ஒரே வாட்ஸ்அப் கணக்கை வேறு நான்கு சாதனங்கள்வரை இணைக்கலாம். அவருடைய கணக்கிலிருந்து போனது என்பதும் அவர் கையால் போனது என்பதும் ஒன்றல்ல.

இந்த மாதிரி நுணுக்கங்கள் தீர்ப்பை மாற்றியதில்லையா என்றால், மாற்றியிருக்கின்றன. துருக்கியில் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்று 2012ல் நூற்றுக்கணக்கான ராணுவ அதிகாரிகளைத் தண்டித்தார்கள். 2003ல் பதிவானதாகச் சொன்ன குறுந்தட்டில் ஆஃபிஸ் 2007 மென்பொருளின் தடயங்கள் இருந்தன. கலிப்ரி எழுத்துருவும் அதில் ஒன்று. மறுவிசாரணை நடந்து 2015ல் 236 பேர் விடுதலையானார்கள். டென்மார்க்கில் தொலைபேசித் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றிய மென்பொருளிலேயே கோளாறு என்று தெரிந்ததும், 2019ல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டிவந்தது. நம் ஊரிலும் 2020ல் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண்ணைத் திருட்டு வழக்கிலிருந்து உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, பொருள்கள் யார் கையில் எப்போது இருந்தன என்ற சங்கிலி அறுந்திருந்தது பெரிய காரணமாயிற்று. அது டிஜிட்டல் வழக்கு அல்ல, ஆனாலும் உறையில் தேதி போடச் சொன்னது இதற்காகத்தான்.

சட்டப் பக்கம் அவசரமானது. தண்டனை விதித்த 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். தம்பி கொடுத்தாரா என்று இன்றே கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் கால நீட்டிப்புக்கு உயர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் காரணம் மெலிகிறது. புதிய ஆதாரத்தை ஏற்கும் முன் மூன்று விஷயம் பார்ப்பார்கள்: விசாரணையின்போதே கிடைத்திருக்குமா, முடிவைப் பாதிக்கக்கூடியதா, நம்பத்தக்கதா. முதல் கேள்விதான் உங்களுக்குச் சிக்கல், ஏனென்றால் கைபேசி அப்போதே இருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்கும்போது இதில் நீதிமன்றங்கள் சற்றுத் தளர்வு காட்டியதுண்டு. ஆனால் மேல்முறையீடும் தோற்ற பிறகு மறுபரிசீலனை கேட்டால், 2018ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, நீதி பிறழ்ந்தது என்று ஏறக்குறைய முடிவாகவே காட்ட வேண்டும். அதனால் இந்த ஆதாரத்தை மேல்முறையீட்டு நிலையிலேயே கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம்.

ஆர்வத்தில் புகார் கொடுத்தவரின் கணக்குக்குள் நுழைந்து பார்க்க யாரும் முயல வேண்டாம். கணினி முறைகேட்டுச் சட்டத்தில் அது குற்றம். தம்பியோடு இன்னொருவரும் உள்ளே போக நேரும்.

நிபுணரை நீங்களே நேரடியாக அமர்த்தாதீர்கள். அறிக்கை தம்பிக்குப் பாதகமாகவும் வரலாம். வழக்குக்காக வழக்கறிஞர் கேட்டு வாங்கும் அறிக்கைக்குப் பொதுவாக ரகசியப் பாதுகாப்பு உண்டு. நீங்கள் தனியாக வாங்கினால் அந்த உறுதி இல்லை. கைபேசி முழுவதையும் அலசித் தருகிறேன் என்பவருக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கொட்டவும் வேண்டாம். நீதிபதியின் தீர்ப்புக் காரணங்களை வாசித்து, தண்டனை எந்தச் செய்தியை, எந்த நேரத்தை நம்பி நின்றது என்று வழக்கறிஞர் கண்டுபிடிக்கட்டும். நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். வழக்கறிஞருக்குப் பணம் போதாது என்றால் இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடமும் அரசுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்திடமும் தம்பிக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். குற்றச்சாட்டுப் பத்திரம், தீர்ப்புக் காரணங்கள், விசாரணையில் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளின் நகல் ஆகிய மூன்றும் முதல் சந்திப்பிலேயே கையில் இருக்கட்டும்.