யாரோ ஒரு சாக்ஸபோன்காரர்

வணக்கம் ஐயா. 1956-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு வாசித்ததாக வெளிவந்த இசைத்தட்டில் பெரும்பகுதி பின்னர் ஸ்டூடியோவில் வாசித்துக் கைதட்டலை ஒட்டியது என்று அறிந்து மனம் உடைந்துவிட்டது. யாரோ ஒரு சாக்ஸபோன்காரர் நெடுநேரம் வாசிக்கும் பகுதியை நூறு முறையாவது கேட்டிருப்பேன். அதுவும் பொய்தானா? எலிங்டன், இன்னொரு ஜாஸ் குழுத்தலைவரான கவுண்ட் பேஸி இருவரில் யார் பெரியவர்?
ஆர்.

அன்புள்ள ஆர்,

இரண்டாவது கேள்வி காப்பி ஆறும்வரை பேசுவதற்கானது, விட்டுவிடுகிறேன். நீங்கள் நூறு முறை கேட்ட வாசிப்பு பொய்யல்ல. ஜூலை 7 இரவு மேடையில் நின்றவர், இசைத்தட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் மைக்கை விட்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். ஆகவே பழைய இசைத்தட்டில் அவர் அடுத்த அறையில் வாசிப்பதுபோல் ஒலிக்கும். வானொலியின் நாடா பிற்பாடு கிடைத்து, இரண்டையும் இணைத்த பதிப்பு 1999-இல் வந்தது. அதை வாங்கிக் கேளுங்கள்.

என்னைச் சுட்டது உங்கள் கேள்வி அல்ல, 'யாரோ ஒரு சாக்ஸபோன்காரர்' என்ற சொற்கள்தான். ஸ்டூடியோவில் நடந்ததையெல்லாம் துருவித் தெரிந்துகொண்ட உங்களுக்கு, வாசித்தவர் யாரென்று கேட்கத் தோன்றவில்லையா? அவர் பெயர் பால் கொன்சால்வஸ்.

கடுமையாகச் சொல்கிறேன் என்றால், நானும் அப்படி இருந்தவன் என்பதால்தான். கல்லூரி விடுதியில் அறைத்தோழன் பதிவுசெய்து தந்த கேசட்டின் உறையில் பச்சை மையில் 'டியூக்' என்று மட்டுமே எழுதியிருந்தது. மூன்று ஆண்டுகள், குழுவின் எல்லா வாத்தியங்களையும் ஒரே ஆள் வாசித்ததைப்போல, அத்தனை புகழையும் அந்த ஒரு பெயருக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எலிங்டனே அப்படி நினைத்தவரல்லர். அவர் எழுதிக் கொடுத்த தாள்களின் தலையில் பெரும்பாலும் வாத்தியத்தின் பெயர் இராது, வாசிப்பவரின் பெயர் இருக்கும்: டிரம்பெட் வாசித்தவருக்கு 'கூட்டி', டிராம்போன் வாசித்தவருக்கு 'டிரிக்கி', சாக்ஸபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸுக்கு 'ராப்' என்னும் செல்லப்பெயர். பாரிடோன் சாக்ஸபோனுக்கு என்று அவர் எழுதவில்லை. 1927-இல் பதினேழு வயதில் வந்து சேர்ந்து, கடைசிவரை உடனிருந்த ஹாரி கார்னியின் மூச்சுக்கு எழுதினார். ஆள் மாறினால் பாட்டே மாறிவிடும் என்பதை அறிந்து எழுதியவர் அவர்.

நியூபோர்ட்டில் நடந்ததும் அதுவே. 1937-இல் ஓர் இசைத்தட்டின் இரு பக்கங்களில் பதிவான 'டிமினுவெண்டோ அண்ட் கிரசெண்டோ இன் ப்ளூ' என்ற உருப்படியின் இரு பாதிகளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது; அதை நிரப்பும் பொறுப்பைக் கொன்சால்வஸிடம் விட்டார் எலிங்டன். பன்னிரண்டு தாள அளவைகள் கொண்ட ப்ளூஸ் மெட்டை 27 சுற்று வாசித்தார் அவர். ஒவ்வொரு சுற்றுக்கும் சாம் வுட்யார்டின் டிரம்ஸ் இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, "விடாதே" என்பதுபோல் எலிங்டன் கத்துவதும் கேட்கிறது. அடுத்த மாதமே டைம் இதழின் அட்டையில் எலிங்டனின் முகம் வந்தது.

கொன்சால்வஸ் 1974 மே 15 அன்று லண்டனில் இறந்தார். நியூயார்க் மருத்துவமனையில் கிடந்த எலிங்டனிடம் அந்தச் செய்தியைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.