குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்

குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘மகனின் போட்டிப் பயிற்சிக்காக ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். இப்போது பத்து மீட்டரில் பெல்லட்டுகள், அதாவது அதில் போடும் சிறு ஈயக் குண்டுகள், உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. கடற்காற்றில் துருப்பிடிக்குமே என்று வாரந்தோறும் குழலுக்குள் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, ஸ்பிரிங்கையும் மாற்றினால் மிளாவையே வீழ்த்தலாம் என்கிறார் வாங்கிக் கொடுத்த தரகர். மாற்றலாமா?’

இரண்டும் வேண்டாம் ஐயா. முதலில் எண்ணெயை நிறுத்துங்கள்.

துப்பாக்கியை வாய் மேலே பார்க்க மூலையில் சாத்தி வைத்தால், எண்ணெய் மெல்ல இறங்கிப் பிஸ்டனுக்கு முன்னால் உள்ள அறையில் சேரும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, அது காற்றை நெருக்குகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் எரிகிறது. குழல் வாயில் மெல்லிய புகையும் தீய்ந்த வாடையும் வருகிறதா, பாருங்கள். ஒவ்வொரு முறையும் எரியும் அளவு மாறுவதால் பெல்லட்டின் வேகமும் மாறும். பிறகு எப்படிக் குறி நிற்கும்?

பெல்லட் போடாமல், ஸ்பிரிங் ஏற்றாமல், தூண்டில் நரம்பில் சிறு பருத்தித் துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுங்கள். துணி வெளுப்பாக வரும்வரை இழுங்கள். பிறகு முப்பது நாற்பது பெல்லட் சுட்டால் புகை அடங்கும். துருவுக்கு என்ன செய்வது? குழலின் வெளிப்புறத்தை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். வெளிப்புறம் மட்டும்தான். குழல் மடங்கும் மூட்டுக்கு ஒரே ஒரு சொட்டு விடலாம். அதுவும் துப்பாக்கி எண்ணெய், ஊசிமுனையில் எடுத்து, வழிந்ததை உடனே துடைத்து. மூட்டுக்கு விடலாம் என்றேனே என்று நாளை குழலுக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, தோளில் அணைக்கும் கட்டையின் திருகாணிகளை இறுக்குங்கள். அதிர்வில் அவை தளரும். பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி குலுங்கிவிடுவதால் மேசை மேல் நேரடியாக வைத்துச் சுடக் கூடாது. இடது உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கட்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

தரகர் பேச்சுக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும். மலிவான ஸ்கோப்பின் உள்பாகங்கள் அதில் கழன்றுவிடும். பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியும் இல்லை. வலுவான ஸ்பிரிங் உதையைத்தான் கூட்டும். 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலக் குழல் துளைக்கும், பெல்லட் வெளியேறும்போது 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. ஸ்பிரிங் மாற்றி அந்த வரம்பைத் தாண்டினால் மாட்டிக்கொள்வது நீங்கள், தரகர் அல்ல. ஜூல் கணக்கை விதியில் எழுதியவர்கள், வாங்குபவர் அதை எங்கே போய் அளப்பார் என்று யோசித்தார்களா? மிளாவையோ மானையோ சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த ஆசை காட்டுபவரிடம் ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள்.

காகித இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட் போதும். பாவாடை போல விரிந்த பின்விளிம்பு நசுங்கியதை ஒதுக்குங்கள். மூன்று நான்கு வகைகளில் சிறு டப்பாக்கள் வாங்கி, கடற்காற்று எழும்பும் முன், காலையில் ஒவ்வொன்றிலும் ஐந்து சுட்டுப் பாருங்கள். எந்த வகையின் ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகின்றனவோ அதை வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு குறிபார்க்கும் முள்ளைத் திருகிச் சரிசெய்யுங்கள்.