'மிஸ்' என்ற வினையும் மெக்சிகோ மாணவரின் குழப்பமும்

வணக்கம். தாங்கள் ஆங்கிலம் கற்பிக்கும் மெக்சிகோ மாணவர் 'ஐ மிஸ்ட் த பஸ்' என்பதற்குப் பதிலாக 'ஐ லாஸ்ட் த பஸ்' என்றே திரும்பத் திரும்ப எழுதுவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். பொருளைத் தொலைப்பதற்கும் பேருந்தைத் தவறவிடுவதற்கும் ஸ்பானியத்தில் 'பெர்தேர்' என்ற ஒரே வினை வழங்குவதால் நேரும் பிழை அது. வகுப்புக்கு வராதிருப்பதற்கு 'ஃபல்தார்', பிரிவை எண்ணி ஏங்குவதற்கு 'எக்ஸ்த்ரன்யார்' எனச் சூழலோடு சேர்த்தே 'மிஸ்' என்பதை விளக்குங்கள். பின்னதற்கு ஸ்பெயினில் 'எச்சார் தே மேனோஸ்' என்பதே பெருவழக்கு.

என் அனுபவத்தில், அதிகத் தொல்லை தருவது 'நீ இல்லாமல் ஏங்குகிறேன்' எனப் பொருள்படும் 'மே ஆசெஸ் ஃபால்தா' என்ற ஸ்பானியத் தொடர்தான். அதில் பிரிந்திருப்பவரே எழுவாய். ஏங்குபவரோ, நம் 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் போல, நான்காம் வேற்றுமைப் பொருளில் நிற்கிறார். ஆங்கிலத்தில் ஏங்குபவரே எழுவாய் ஆதலால், அத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'யூ மிஸ் மீ' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.