அந்த அதிரசத்தைச் சுட்டுப் பார்த்தது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். திருமணமாகி இரண்டு வருடம் ஆகிறது. சமையல் இதழ்கள் வாசிப்பது எனக்குப் பிடிக்கும். சின்ன விஷயம்தான், உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். இரண்டு மூன்று இதழ்களுக்குச் சந்தா கட்ட நினைக்கிறேன். எதை வாங்கலாம்? ஆங்கில இதழ்கள் நமக்குப் பயன்படுமா? யூடியூபில் எல்லாம் இருக்கும்போது காசு எதற்கு என்கிறார் கணவர். எழுதிவைத்ததைப் பார்த்துச் செய்தால் வராது, பழகினால்தான் வரும் என்கிறார் மாமியார். போன தீபாவளிக்கு ஓர் இதழைப் பார்த்து அதிரசம் செய்தேன். எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். போன வாரம் வீடு ஒழித்தபோது, என் அம்மா கொடுத்த பழைய இதழ்களில் பாதியைப் பேப்பர் கடையில் போட்டுவிட்டேன். மீதியையும் போட்டுவிடலாமா?

மா., ஈரோடு


அன்புள்ள மா.,

சமையலைப் பற்றி எழுதும்போது "சின்ன விஷயம், மன்னிக்கவும்" என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரின் உடம்பும், மாதச் சம்பளத்தில் பெரும் பங்கும், பல பெண்களுக்கு நாளில் பாதியும் அந்த அடுப்படியில்தான் இருக்கின்றன. கிரிக்கெட்டைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் எனக்கு எழுதுகிறவர்களில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்கியதில்லை. நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

அந்த மீதிப் பாதியைத் தொடாதீர்கள். போட்ட பாதியும் இன்னும் கட்டு பிரிக்காமல் கடையில் கிடக்கலாம். இதைப் படித்ததும் போய்க் கேளுங்கள். எடைக்கு எடை காசு கொடுத்தாவது திருப்பி வாங்குங்கள். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது உங்களுக்கே தெரியும்.

கணவருடைய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மாவு எவ்வளவு தளர இருக்க வேண்டும் என்பதைக் காணொளி நன்றாகக் காட்டும், பார்க்கட்டும். மாமியார் சொல்வதும் சரிதான். ஆனால் பழகுகிற காலத்தில் பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாதவர்களுக்காகத்தான் சமையல் எழுத்து இருக்கிறது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெளியூரில் குடித்தனம் தொடங்கிய பெண்கள் எத்தனையோ பேர். இன்றைக்கும் பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் என் பெரியம்மாவின் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடையில் எழுதாமல் மிஞ்சிய கணக்கு நோட்டுகளில், வார இதழ்களிலும் மாத இதழ்களிலும் வந்த சமையல் குறிப்புகளை வெட்டி மைதாப் பசையால் ஒட்டி வைப்பார் பெரியம்மா. வெட்டி ஒட்டுவது அந்தக் காலத்துப் பெண்கள் பலரும் செய்ததுதான். பக்கத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "புளி பாதி போதும்." "அரிசி புதுசு, தண்ணீர் குறைத்தேன், சரியாக வந்தது." "நாலு பேருக்கு என்று போட்டிருக்கிறது, இரண்டு பேருக்கே காணாது." மைசூர்பாகு குறிப்பு ஒன்றின் குறுக்கே சிவப்பு மையில் ஒரே வார்த்தை: "பொய்."

அந்தக் குறிப்பை எடுத்துப் படித்தேன். கடலை மாவு ஒரு கப்புக்கு நெய் கால் கப் என்று அச்சாகியிருக்கிறது. கால் கப் நெய்யில் அந்த மாவு பொரியவே பொரியாது, துளை விழாது, சர்க்கரையோடு சேர்ந்து பாறையாக இறுகும். ஒருமுறை அடுப்பில் வைத்துக் கிளறியிருந்தால் எழுதியவருக்கே தெரிந்திருக்கும். பெரியம்மா விடவில்லை. அந்த இதழுக்கு ஒரு தபால் அட்டை போட்டார். "இதைச் செய்து பார்த்தவர் யார்?" என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி. பதில் வரவில்லை.

பின்னாளில் நான் ஒரு பெண்கள் பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் இருந்தேன். பதில் அங்கே கிடைத்தது. செய்து பார்த்தவர் யாருமில்லை. இலவச இணைப்பு ஒன்றுக்கு முப்பது வகைப் பலகாரம் வேண்டும் என்று ஆசிரியர் குழு முடிவு செய்யும். எழுதித் தருகிறவருக்கு ஒரு வாரம்தான் அவகாசம். முப்பது பலகாரத்தையும் சமைத்து, அளவைத் திருத்தி, இன்னொரு முறை சமைத்துப் பார்ப்பது ஒரு வாரத்தில் நடக்கிற காரியமா? தெரிந்த பத்தை எழுதுவார்கள். மீதி இருபதில் கத்தரிக்காயை எடுத்துவிட்டு வாழைக்காயைப் போடுவார்கள். பிறகு அது லே-அவுட் மேஜைக்கு வரும். படம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதால் குறிப்பில் நாலு வரி குறைக்க வேண்டும். எந்த வரி போகும் தெரியுமா? பொருட்களின் பட்டியலை வெட்ட முடியாது. "மாவு பொரிந்து வாசனை வரும்வரை", "விரலில் எடுத்துப் பார்த்தால் ஒட்டாமல் இருக்க வேண்டும்", "இந்த இடத்தில் தீயைக் குறைக்காவிட்டால் அடிப்பிடிக்கும்" என்கிற வரிகள்தான் போகும். சமைக்கத் தெரிந்த ஒருத்தி தன் அனுபவத்திலிருந்து எழுதிய வரிகள் அவை. அச்சுக்குப் போகிற பக்கத்தில் அவை இருந்த இடத்தில் கொத்தமல்லித் தழை படம் இருக்கும்.

உங்கள் அதிரசத்துக்கு நடந்தது இதுதான். அந்த இதழில் என்ன போட்டிருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. "வெல்லத்தைப் பாகு காய்ச்சி மாவில் ஊற்றிக் கிளறவும்" என்று இருந்திருக்கும். எந்தப் பாகு? தண்ணீர் வற்ற வற்றப் பாகில் இனிப்பின் செறிவு ஏறும், அதோடு சூடும் ஏறும். சர்க்கரைப் பாகு 112-இலிருந்து 116 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலுக்கு உருண்டு வரும், அழுத்தினால் நசுங்கும். தக்காளிப் பதம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது இதைத்தான். 120-ஐத் தாண்டினால் அதே உருண்டை இறுகிவிடும். நடுவில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்கு முன்னால் இறக்கினால் மாவு எண்ணெயில் பிரிந்து போகும், பின்னால் இறக்கினால் அதிரசம் கல்லாகும். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் ஈரம் தெரியும்போதே அரைத்தீர்களா, கடை மாவை வாங்கினீர்களா என்பதும் தெரியவில்லை. காய்ந்த மாவில் அதிரசம் வராது. கிளறிய மாவை ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். இதில் ஒரு வரியைக்கூட உங்களுக்குச் சொல்லாத இதழ் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறது. சிரித்தவர்கள் அந்த இதழைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும்.

"ஒரு கப்" என்பதையும் விடமாட்டேன். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி. மெட்ரிக் கப் 250. அரிசி குக்கரோடு வருகிற கப் பெரும்பாலும் 180. ஆழாக்கு 168. ஆஸ்திரேலிய இதழில் ஒரு மேசைக்கரண்டி என்றால் 20 மில்லி, அமெரிக்க இதழில் 15. வெல்லமும் மாவும் ஒரே பாத்திரத்தால் அளக்கப்பட்டால் விகிதம் தப்பாது. ஆனால் வெல்லத்தைப் பொடித்து அழுத்தி அளந்தார்களா, உடைத்த கட்டியாக அளந்தார்களா? இரண்டுக்கும் கப்பில் நிற்கிற எடை வேறு. ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். அதே கரண்டியில் கல் உப்பு குறைவாகவே நிற்கும், இடையில் காற்று இருக்கிறது. தூள் உப்பா, கல் உப்பா என்று சொல்லாமல் ஊறுகாய்க் குறிப்பு எழுதுகிறவரை நான் மன்னிக்கவே மாட்டேன். ஊறுகாயில் உப்புக் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். கரண்டியின் மேல்மட்டத்தைக் கத்தியால் வழித்துத்தான் அளக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்கிற சமையல் ஆசிரியை 1896-லேயே புத்தகம் போட்டு வற்புறுத்தினார். நூற்றிருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நம் இதழ்களோ கப்பின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, "எங்கள் கப் 200 மில்லி" என்று ஒரு வரி அச்சிடுவதற்குக்கூட இடமில்லை என்கின்றன.

கப் அளவு சரியாக இருந்தாலும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய அரிசி புது அரிசியைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். இட்லி மாவு ஈரோட்டுச் சித்திரையில் பொங்குகிற நேரத்தில் ஊட்டி மார்கழியில் பொங்காது. அளவையும் அடையாளத்தையும் சேர்த்தே சொல்கிற இதழ்தான் சமைக்கிறவளை மதிக்கிறது.

இப்போது ஆங்கில இதழ்கள். அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் கிம்பால் 1993-இல் தொடங்கிய 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' "செய்து பார்த்தவர் யார்?" என்கிற கேள்விக்கு நேரான பதில். முப்பத்திரண்டு பக்கம், விளம்பரமே கிடையாது. ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டால் முதலில் அது எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது என்று சொல்வார்கள். பிறகு தங்கள் சோதனைச் சமையலறையில் செய்து பார்த்ததையும், சரிவராமல் போனதையும் வரிசையாக எழுதுவார்கள், குறிப்பு கடைசியில் வரும். 2007-இல், 'பை' (pie) என்கிற மேல்நாட்டுப் பண்டத்துக்கு மாவு பிசைகிற தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு வோட்கா ஊற்றச் சொன்னார்கள். மைதாவில் தண்ணீர் பட்டால் மாவை இழுபடச் செய்கிற பசைத்தன்மை உருவாகும், சாராயத்தில் உருவாகாது, ஆகவே மாவு மொறுமொறுப்பாக வரும் என்று காரணத்தையும் சொன்னார்கள். நாம் அந்தப் பண்டத்தைச் செய்யப்போவதில்லை. முறுக்கு மாவில் ஏன் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறோம் என்று யோசிக்கிற பழக்கம் அதைப் படித்தால் வரும். அதற்காகப் படிக்கலாம்.

'கோர்மே' என்கிற அமெரிக்க இதழ் வேறு வகை. 1941-இல் தொடங்கி 2009-இல் நிறுத்தப்பட்டது. பயணம், உணவகம், நீண்ட கட்டுரை என்று பெரிய வீட்டுத் தோரணை உள்ள இதழ். ஆனால் 2003-இல் அது எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸை மெய்ன் மாநிலத்தின் சிங்கி இறால் திருவிழாவுக்கு அனுப்பியது. உயிரோடு கொதிநீரில் போடப்படும் அந்தப் பிராணிக்கு வலிக்காதா என்று அவர் பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதியதை 2004-இல் அப்படியே வெளியிட்டது. சமையல் இதழ் அதைச் செய்தது என்பதற்காக எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. நிறுத்தப்பட்டபோது ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் போய்க்கொண்டிருந்தன. வாசகர்கள் விலகவில்லை, விளம்பரங்கள்தான் குறைந்தன. எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்தை நம்பியிருக்கிற இதழில் எல்லாக் குறிப்பும் எண்ணெயில் பொரிப்பதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படிப்பதற்கென்றே ஒன்று வேண்டுமானால் லண்டனில் ஆலன் டேவிட்சன் 1979-இல் தொடங்கிய 'பெத்தி ப்ரோபோ குலினேர்' இருக்கிறது. லாவோஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர், மீன்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர் அவர். படம் பார்த்து மயங்குகிறவர்களுக்கான இதழ் இல்லை.

தமிழில் எதை வாங்கலாம் என்று பெயர் சொல்லக் கேட்டீர்கள். சொல்லமாட்டேன். ஒரே இதழில் ஒரு பக்கம் தங்கமாகவும் அடுத்த பக்கம் குப்பையாகவும் இருக்கிறது, எழுதுகிறவரைப் பொறுத்து. கடையில் நின்றபடியே நீங்களே சோதிக்கலாம். உங்களுக்குக் கைவந்த பண்டம் ஏதாவது ஒன்று, எள்ளுத் துவையலோ பருப்பு ரசமோ, அந்த இதழில் இருக்கிறதா என்று தேடுங்கள். அதை எழுதியவர் செய்து பார்த்தவரா என்று உங்களுக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். போன இதழில் தவறிய அளவுக்குத் திருத்தம் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். திருத்தம் போடுகிற இதழுக்கு யாரோ எழுதிக் கேட்டிருக்கிறார்கள், கேட்டதை யாரோ மதித்திருக்கிறார்கள். அப்படி ஒரு எழுத்தாளரைக் கண்டுபிடித்தால் இதழை விட்டுவிட்டு அவர் பெயரைப் பின்தொடருங்கள்.

ஆங்கில இதழ்களுக்கு இப்போதே சந்தா கட்ட வேண்டாம், தபால் செலவே விலையைத் தாண்டும். சென்னைக்கு வரும்போது திருவல்லிக்கேணி பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் பேரம் பேசி நாலைந்து வாங்கி, அதிலிருந்து ஒன்றையாவது சமைத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். உங்கள் அம்மாவின் இதழ்களில் எடைக் கணக்கு தோலாவிலும் பலத்திலும் இருந்தால் மிரளாதீர்கள். ஒரு தோலா ஏறத்தாழ பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல், மூன்று தோலா ஒரு பலம், ஏறத்தாழ 35 கிராம்.

அன்புடன்.