ஆலமரம் விழுங்கிய பூமி: வாசகர் கேள்வி-பதில்

உலகம் அழிகிற கதை என்றாலே பாலைவனம், தண்ணீருக்கு அடிதடி, துருப்பிடித்த வண்டியில் நாலு பேர். படித்துப் படித்துச் சலித்துவிட்டது. வேறு மாதிரி ஏதாவது உண்டா?
*கல்லூரி மாணவி, கரூர்*

உண்டு. பிரையன் ஆல்டிஸ் எழுதிய 'ஹாட்ஹவுஸ்', 1962-ல் வந்த ஆங்கில நாவல். இதில் சூரியன் சாகக் கிடக்கிறது, பூமி சுழல்வதை நிறுத்திவிட்டது, ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. ஆனால் அந்தப் பகல் பக்கத்தில் வறட்சி இல்லை, காடுதான். ஒரே ஒரு ஆலமரம் விழுது மேல் விழுதாக இறக்கி ஒரு கண்டத்தையே மூடிவிட்டது, அதன் கிளைகளில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள். மனிதர்கள் என்றால் நம்மில் ஐந்தில் ஒரு பங்கு உயரம், பச்சை நிறம், பெண்கள் தலைமையில் சிறு சிறு கூட்டங்கள். மிருகங்கள் ஏறக்குறைய ஒழிந்துவிட்டன. அவை செய்த வேலையை எல்லாம் இப்போது செடிகள் செய்கின்றன: பறக்கிற செடி, கடிக்கிற செடி, ஆளைத் துரத்திப் பிடித்துத் தின்கிற செடி. முதல் பக்கங்களிலேயே ஒரு குழந்தை செத்துப்போகும், யாரும் அதற்காக ரொம்ப நேரம் நின்று அழ மாட்டார்கள், அழ நேரமில்லை.

ஆல்டிஸ் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் சிப்பாயாக இருந்தவர். அந்த மழைக்காட்டின் புழுக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஆலமரமும் அவர் சும்மா எடுத்துக்கொண்டதல்ல என்று எனக்குத் தோன்றும். ஹவுரா தாவரவியல் பூங்காவில் இருக்கிற பெரிய ஆலமரத்தின் தாய்மரத்தைப் பூஞ்சை அரித்து 1925-ல் அகற்றிவிட்டார்கள், மரமோ விழுதுகளை ஊன்றிக்கொண்டு இன்றைக்கும் பரவிக்கொண்டுதான் இருக்கிறது. நாவலிலும் ஒரு காளான் வருகிறது. கிரென் என்கிற பையனின் தலையில் வந்து ஒட்டிக்கொண்டு, அவனுக்குப் பதிலாக யோசிக்க ஆரம்பிக்கிறது. ஒரு கட்டத்தில் அது, மனித அறிவு என்பதே ஆதியில் எங்கள் இனம் உங்கள் மண்டைக்குள் குடியேறியதால் வந்ததுதான், வெயில் கடுமையானதும் நாங்கள் செத்தோம், நீங்கள் மக்கானீர்கள் என்று கண்டுபிடிக்கும். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

நானும் படித்தேன். நிலாவுக்கும் பூமிக்கும் நடுவே செடிகள் வலை கட்டுகின்றன என்கிறார். இதற்குப் பெயர் அறிவியல் புனைகதையா?
*இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்*

சார், கோபம் நியாயம்தான். நிலா 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, போதாததற்கு வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டும் இருக்கிறது, அதற்கு நூல் கட்டுகிற சிலந்திச் செடியை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. நாவலில் வருகிற மாதிரி சூரியன் வெடிக்கப்போகிறது என்பதும் தவறு, வெடிக்கிற அளவுக்கு அதற்கு நிறை கிடையாது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் சிவப்பு ராட்சதனாக ஊதி, பிறகு வெண்குள்ளனாகச் சுருங்கும்.

பெரிய ஓட்டை வேறொன்று. சூரியன் வயதாக ஆகப் பிரகாசம் கூடும். சூடு கூடினால் பாறைகள் வேகமாகச் சிதையும், அது காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை இழுத்துப் பாறைக்குள்ளேயே பூட்டிவிடும். ஆக, முதலில் பட்டினி கிடக்கப்போவது செடிகள்தான். இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடலே வற்ற ஆரம்பிக்கும் என்கிறார்கள், அதற்கு முன்பே பெரும்பாலான தாவரங்கள் போயிருக்கலாம். ஆல்டிஸ் கதை இதற்கு நேர் தலைகீழ்! ஆனாலும் 1961-ல் பத்திரிகையில் ஐந்து கதைகளாக வந்த இதற்கு அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள், சரியாகத்தான் கொடுத்தார்கள். இதைக் கணக்குப் புத்தகமாகப் படிக்காதீர்கள், கெட்ட கனவாகப் படியுங்கள்.

இந்த வகைக் கதையை ஆரம்பித்தது யார்?
*வாசகர், திண்டுக்கல்*

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. எச். ஜி. வெல்ஸ் 1895-ல் 'டைம் மெஷின்' கதையின் கடைசியில் ஒரு கடற்கரையைக் காட்டுகிறார்: பெரிய சிவப்புச் சூரியன், முதலில் ராட்சத நண்டுகள், பிறகு அவையும் இல்லை, சத்தமே இல்லை. அந்தக் கடைசிக் காட்சி நடப்பது மூன்று கோடி ஆண்டுகளுக்கு அப்பால்தான். இன்றைக்கு அது ரொம்பக் குறைச்சலாகத் தெரியும். ஆனால் சூரியனை எரியவைக்கிற அணுக்கரு இணைவு என்ற விஷயமே அப்போது யாருக்கும் தெரியாது, சூரியன் சுருங்கிச் சுருங்கித்தான் சூடு தருகிறது என்று நம்பினார்கள், இயற்பியலாளர் கெல்வின் பிரபு போட்ட கணக்குப்படி அதன் ஆயுளே சில கோடி ஆண்டுகள்தான். வெல்ஸ் அன்றைய அறிவியலைச் சரியாகவே எழுதியிருக்கிறார். அப்புறம் 1950-ல் ஜாக் வான்ஸ் 'தி டையிங் எர்த்' (சாகும் பூமி) என்று ஒரு கதைத் தொகுப்பு போட்டார், அந்தத் தலைப்பே வகையின் பெயராகிவிட்டது. அதில் மந்திரவாதிகள்தான் அதிகம்.

ஹாட்ஹவுஸ் நாயகன் கிரென் முரடனாக இருக்கிறானே, அவன் எதையாவது காப்பாற்றுவானா? பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி பார்த்தேன், வாங்கலாமா?
*வங்கி ஊழியர், மதுரை*

பூமியைக் காப்பாற்றுகிறவன் இந்த நாவலில் யாருமே இல்லை. யார் தப்பால் பூமி சாகிறது என்ற விசாரணையும் இல்லை, சூரியனுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது வருகிற பருவநிலை நாவல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. கிரெனை எனக்கும் பிடிக்கவில்லை, நடுவில் வால் வழியாக மரத்தோடு ஒட்டி வாழ்கிற தொப்பை மனிதர்கள் வந்து புலம்புகிற பகுதியும் இழுவை. முடிவைச் சொல்லிவிட்டால் திட்டுவீர்கள், விடுகிறேன்.

வாங்குங்கள், ஆனால் அட்டையைப் பாருங்கள். 'தி லாங் ஆஃப்டர்நூன் ஆஃப் எர்த்' என்று போட்டிருந்தால் அது அந்தக் காலத்து அமெரிக்கப் பதிப்பு, வெட்டிக் குறைத்தது. 'ஹாட்ஹவுஸ்' என்ற பெயரில் வந்த பிரிட்டிஷ் பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள்.